மஹோமெத் (நாடகம்)

மஹோமெத்: பிரெஞ்சு ஆசிரியர் வால்ட்டேர் (1694-1778) இயற்றிய ஐந்தங்கச் செய்யுள் நாடகம். 'மதவெறி அல்லது தீர்க்கதரிசி மஹோமெத்' என்பது முழுப் பெயர். நபிகள் நாயகத்தை வஞ்சகராகவும், சேயித் என்னும் இளைஞனை ஏவி, தந்தையென்று அவன் அறியாத மக்கா நகர முதியவர் ஒருவரைக் கொல்விப்பவராகவும் இது சித்திரிக்கிறது. இக்கதைக்குச் சரித்திர ஆதாரம் இல்லை. பிரஷ்ய மன்னர் பிரெடரிக்குக்கு எழுதிய கடிதத்தில் ஆசிரியரே இதனை ஒருவாறு ஒப்புக்கொள்கிறார்.

1741 ஏப்ரலில் லீல் நகரில் அரங்கேறிய இந்நாடகம் 1742 ஆகஸ்டு 9-ல் பாரிஸில் நடிக்கப்பட்டபோது, மனம் புண்பட்டு எழுந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர், கத்தோலிக்கரே. அராபிய வேஷத்தில் மேடையேறியிருப்பது தங்கள் சமயமே என்று கத்தோலிக்கருள் ஜான்சனியம் என்னும் கடுநெறிப் பிரிவின் சார்புடையோர் ஐயுற்றுக் கண்டனம் எழுப்பவே, தலைமை அமைச்சர் கார்டினல் பிளெரியின் ஆலோசனைப்படி மூன்றே ஆட்டங்களுடன் அது நிறுத்தப்பட்டது. இதற்கு வால்ட்டேர் தேடிய பரிகாரம் சாதுரியமானது: 1745-ல் நாடகத்தைப் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்டுக்கே சமர்ப்பித்தார். பாப்பரசரும் நன்றி கூறிப் பதக்கம் வழங்கினார். அத்துடன், தம் உருவப்படத்திற்கென வால்ட்டேர் பாடியிருந்த ஈரடி லத்தீன் செய்யுளில் 'ஹிக்' என்னும் சொல் நெடிலாக வேண்டிய இடத்தில் குறிலாக நின்றது பிழையென ஒருவர் குறை கூறியதாகவும், வர்ஜில் அச்சொல்லை இருவகையாகவும் ஆண்டிருப்பதைத் தாம் எடுத்துக்காட்டி விடையிறுத்ததாகவும், வர்ஜிலைப் படித்து ஐம்பது ஆண்டாகிவிட்ட ஒருவருக்கு அது மோசமான விடையன்று என்றும் அவர் எழுதினார். யாப்பில் இத்துணை அக்கறை காட்டிய இக்கடிதத்தில் நாடகத்தைப் புகழும் பகுதி மட்டும் வால்ட்டேரே பின்னர் இடைச்செருகியது எனச் சிலர் கருதுவர். நாடகம் 1751-ல் பாரிஸில் மீண்டும் நடிக்கப்பட்டது.

ஜெர்மன் மொழியில் கதே பெயர்த்தது 1800-ல் வைமாரில் அரங்கேறியது. நெப்போலியனுக்கு இந்நாடகம் பிடிக்கவில்லை. தலைவனுக்காக எதையும் செய்யத் துணியும் கையாள் என்னும் பொருளில் 'சேயித்' பிரெஞ்சு அகராதியில் இடம்பெற்றுவிட்டது. பிரெஞ்சு ஆசிரியர் போர்னியே எழுதிய, இதே தலைப்புடைய வேறொரு நாடகத்தை 1890-ல் துருக்கி சுல்தானின் வேண்டுகோளுக்கிணங்கப் பிரெஞ்சு அரசு தடுத்தது.

1994-ல் வால்ட்டேரின் முந்நூறாம் ஆண்டையொட்டி ஜினீவாவில் இதனை நடிக்கும் முயற்சி கைவிடப்பட்டது. முஸ்லிம்களின் எதிர்ப்பே காரணமா என்பது விவாதத்திற்குரியது. 2005 டிசம்பரில், வால்ட்டேர் வாழ்ந்த பெர்னேவுக்கு அருகிலுள்ள சேன்-ழெனி-பூயி என்னும் சிற்றூரில் நாடகத்தை வாசிக்க ஏற்பாடாயிற்று. நிறுத்துமாறு உள்ளூர் முஸ்லிம்கள் கேட்டும் நகரத் தலைவர் இணங்கவில்லை. போலீஸ் காவலுடன் வாசிப்பு நடந்தது. வெளியே ஒரு கார் எரிந்தது.