சூரியகாந்தி: காட்டின–பயிரினக் கலப்பு

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. ஏறத்தாழ 50 காட்டினங்கள் அங்கே இன்றும் வளர்கின்றன. நோய், வறட்சி, உவர்மண் ஆகியவற்றைத் தாங்கும் மரபணுக்களைத் தேடி, பயிர்ப்பெருக்க அறிஞர்கள் இவற்றைப் பயிரினத்தோடு கலக்கின்றனர். அடிச்சாம்பல், துரு ஆகிய நோய்களுக்கான எதிர்ப்பு இப்படி வந்ததே.

கலப்பு நுணுக்கமான வேலை. பூத்தலையின் குறுமலர்கள் விளிம்பிலிருந்து நடுநோக்கி, நாளுக்குச் சில வட்டங்களாக மலர்கின்றன. மகரந்தம் உதிருமுன், அதிகாலையிலேயே மகரந்தப்பைகளை இடுக்கியால் அகற்ற வேண்டும். சூலகமுடி விரிந்ததும் வேற்றுச் செடியின் மகரந்தத்தைத் தடவி, தேனீ அண்டாதபடி தலையைத் துணிப்பையால் மூட வேண்டும். பயிரினத்துக்கு 34 குரோமோசோம்கள்; 102 குரோமோசோம்கள் கொண்ட ஜெருசலேம் ஆர்டிசோக் போன்ற காட்டினங்களோடு கலக்கும்போது கருவைப் பிரித்தெடுத்து ஊடகத்தில் வளர்க்க நேரிடுவதுண்டு. காட்டினத்தோடு பல கிளைகள், சிதறும் விதை, நீண்ட விதையுறக்கம் ஆகியவையும் வந்து சேரும். அவற்றைக் களையப் பயிரினத்தோடு மீண்டும் மீண்டும் பிற்கலப்பு செய்வர்.

இத்துறையின் மிகப் பெரிய பேறு 1969இல் பிரான்சில் கிடைத்தது. ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸ் என்னும் காட்டினத்தைத் தாயாக வைத்துச் செய்த கலப்பில், மகரந்தமே தராத ஆண்மலட்டுச் செடிகளை பாத்ரிஸ் லெக்லெர்க் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மகரந்தம் தரும் திறனை மீட்கும் வளமீட்பு மரபணுவும் அறியப்பட, இடுக்கி வேலையின்றி வீரிய ஒட்டு விதை உற்பத்தி சாத்தியமாயிற்று.

1996இல் கான்சஸ் சோயா வயலொன்றில் களைக்கொல்லியைத் தாங்கிய காட்டுச் சூரியகாந்தி கிடைத்தது. அந்தப் பண்பும் பயிருக்கு மாற்றப்பட்டது. எனினும், உலகின் வணிக ஒட்டு இரகங்களில் பெரும்பாலானவை இன்றும் லெக்லெர்க் கண்ட அந்த ஒரே ஆண்மலட்டு மூலத்தையே சார்ந்துள்ளன; மரபு அடித்தளத்தின் இந்தக் குறுகல் கவலைக்குரியது.