பிரென்ட் குடும்பத்தின் வேர்கள்: இங்கிலாந்திலிருந்து மேரிலாந்து வரை

மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் மூதாதையர் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. வாசிக்கும் குருவுக்கும் கேட்கும் மக்களுக்கும் அது பொறுமையைச் சோதிக்கும் பகுதி என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெயர்களை உற்றுக் கேட்பவர்களுக்கு ஒன்று புலப்படும். ஆண்களின் நீண்ட வரிசையில், மரியாவுக்கு முன்பே, தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் நுழைந்திருக்கிறார்கள். வம்சாவளிப் பட்டியல் எழுதும் எவரும் மறைக்க விரும்பும் கதைகளும், வேற்றினத்தாரும் அந்த வரிசையில் உண்டு.

அமெரிக்காவில் முன்னோரைத் தேடுவது இன்று கோடிக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. அவர்களுள் பலர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தையும் ஒரு கப்பலின் பெயரையும் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் அந்தத் தேடல் வேறு பாதையில் போகிறது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1638இல் மேரிலாந்து குடியேற்றத்திற்கு வந்து சேர்ந்த பிரென்ட் குடும்பம்.

பதிவேடு இல்லாத கத்தோலிக்கர்

இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்று 1538இல் ஆணையிட்டவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல். அரசர் உரோமையிடமிருந்து பிரிந்த பிறகு வந்த ஆணை இது. பின்னர் எலிசபெத் அரசியின் காலத்தில் பங்குக் கோயில் ஆங்கிலிக்கன் சபையின் கோயிலாக நிலைபெற்றது. கத்தோலிக்கராகவே இருக்கத் துணிந்தவர்கள் அந்த ஏட்டில் தங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதவேண்டுமா என்று தயங்கினார்கள். அப்படியானால் கத்தோலிக்கக் குருக்கள் தனியாக ஏடு வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். 1585ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்துக்குள் வருவதே இராஜதுரோகம்; அவருக்கு இடம் கொடுப்பவருக்கும் மரண தண்டனை உண்டு. அந்த நிலையில் ஞானஸ்நானப் பதிவேடு என்பது குருவையும் வீட்டாரையும் காட்டிக்கொடுக்கும் சாட்சியம். ஆகவே 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் எழுதப்பட்ட ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பதிவேடுகள் மிகச் சிலவே கிடைக்கின்றன.

அப்படியென்றால் பெயர்கள் எங்கே இருக்கின்றன? அபராதக் கணக்கில் இருக்கின்றன. ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு 1559இல் ஒவ்வொரு முறைக்கும் 12 பென்ஸ் அபராதம் விதிக்கப்பட்டது. 1581இல் அது மாதத்திற்கு 20 பவுனாக உயர்ந்தது. ஒரு கூலியாள் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் அவ்வளவு பணத்தைப் பார்க்கமாட்டார். கட்டாதவர்களின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றும் பின்னர் சட்டம் வந்தது. 1592 முதல் இந்த அபராதங்களுக்கென்றே தனிச்சுருள்கள் எழுதப்பட்டன. அவை இலண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1904இல் தொடங்கப்பட்ட கத்தோலிக்க ஆவணக் கழகம் அவற்றுள் சிலவற்றை அச்சிட்டும் தந்துள்ளது. நம் முன்னோர் விசுவாசத்தில் உறுதியாக இருந்தார்களா என்று அறிய விரும்பும் ஆங்கிலேயக் கத்தோலிக்கர் முதலில் பார்ப்பது அந்தத் தண்டனைப் பட்டியலைத்தான்.

பிரென்ட் குடும்பத்தின் தலைவர் ரிச்சர்டு பிரென்ட், குளொஸ்டர்ஷயரில் அட்மிங்டன், லார்க் ஸ்டோக் என்ற இடங்களின் நிலக்கிழார். மனைவி எலிசபெத் ரீட். பிள்ளைகள் பதின்மூன்று பேர். அட்மிங்டனைத் தேடிச் செல்பவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு: 20ஆம் நூற்றாண்டில் மாவட்ட எல்லைகள் மாற்றப்பட்டதால் அந்த ஊர் இப்போது வார்விக்ஷயரில் இருக்கிறது. இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஆள் அகப்படமாட்டார்.

சொத்து மூத்த மகனுக்கே என்பது இங்கிலாந்தின் வழக்கம். இளைய மகன்களுக்கும் மணமாகாத மகள்களுக்கும் வீட்டில் இடம் குறைவு. கத்தோலிக்கர் என்றால் அரசுப் பதவிக்கும் வழியில்லை. மகள்களுள் கத்தரீன் கடல் கடந்து கம்ப்ரே நகருக்குச் சென்று, அங்கிருந்த ஆங்கிலேய பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்தில் கிறிஸ்டினா என்ற பெயரில் துறவியாகி, மடத்தலைவியாகவும் உயர்ந்தார். புனித தாமஸ் மோரின் வழிவந்த கெர்ட்ரூட் மோர் தொடக்க உறுப்பினராக இருந்த மடம் அது. பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்த மடத்துக் கன்னியர் கம்பியேன் நகரில் சிறைவைக்கப்பட்டனர். 1794 ஜூலை 17இல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட பதினாறு கார்மேல் சபையினரும் அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள். அந்த மறைசாட்சிகள் விட்டுச்சென்ற உடைகளை அணிந்தே பெனடிக்ட் கன்னியர் 1795இல் இங்கிலாந்து திரும்பினார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் அந்தக் கார்மேல் சபையினரைப் புனிதர்களாக அறிவித்தது 2024 டிசம்பரில். இந்தச் செய்தி பிரென்ட் குடும்பக் கதைக்குச் சற்று வெளியேதான் நிற்கிறது. ஆனாலும் ஒரு குடும்பக் கொடியின் துறவறக் கிளையைப் பிள்ளைகள் இல்லாத கிளை என்று பலரும் விட்டுவிடுவதால் சொல்லத் தோன்றியது. 1600 முதல் 1800 வரை ஐரோப்பாவில் துறவறம் பூண்ட ஆங்கிலேயப் பெண்களின் பெயர், பெற்றோர், ஊர் ஆகியவற்றை இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று தொகுத்திருக்கிறது. அண்ணன் தம்பிகளைப் பற்றி அறியமுடியாதவர்கள்கூட இந்தச் சகோதரிகள் வழியாகப் பெற்றோரின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மார்ச் 25இல் பிறந்த ஆண்டு

மேரிலாந்து, கத்தோலிக்கரான பால்டிமோர் பிரபுவுக்கு 1632இல் அரசர் கொடுத்த நிலம். முதல் குடியேற்றத்தார் ஆர்க், டவ் என்ற இரு கப்பல்களில் 1633 நவம்பரில் புறப்பட்டு, 1634 மார்ச் 25 அன்று புனித கிளமெண்ட் தீவில் திருப்பலி கண்டார்கள். இயேசு சபைக் குரு ஆண்ட்ரூ ஒயிட் நிறைவேற்றிய திருப்பலி அது. மங்கள வார்த்தைத் திருநாளான அதே மார்ச் 25தான் அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டின் முதல் நாளும் ஆகும். 1752இல் நாட்காட்டி திருத்தப்படும் வரை சனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி ஆகியவை முந்தைய ஆண்டின் கணக்கிலேயே எழுதப்பட்டன. இதை அறியாதவர்கள் தாய்க்கு முன்பே பிள்ளை பிறந்ததாகவும், இறந்தவர் மறுமாதம் நிலம் வாங்கியதாகவும் எழுதிவிடுகிறார்கள்.

பிரென்ட் குடும்பத்தின் மார்கரெட், மேரி என்ற சகோதரிகளும், கைல்ஸ், ஃபல்க் என்ற சகோதரர்களும் 1638 நவம்பர் 22இல் மேரிலாந்தின் செயின்ட் மேரீஸ் நகரை அடைந்தார்கள். இந்த நாள் நமக்குத் தெரிவதற்குக் காரணம் நிலம். குடியேற்றத்திற்கு ஆட்களைக் கூட்டி வந்தவருக்குத் தலைக்கணக்கில் நிலம் தரப்பட்டது. அந்த உரிமையைக் கேட்கும்போது யார் யாரை, எப்போது அழைத்து வந்தோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அனாபொலிஸில் உள்ள மேரிலாந்து ஆவணக் காப்பகத்தில் இந்த ஏடுகள் இருக்கின்றன. இவற்றிலிருந்து 1633 முதல் 1680 வரை வந்தவர்களின் பெயரகராதி 1968இல் அச்சானது. கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடி ஏமாறுவதைவிட இந்த நில ஏடுகளில் தேடுவதே பயன்தரும். கப்பல் கட்டணத்திற்குப் பதிலாகச் சில ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட ஏழைப் பணியாட்களின் பெயர்களும் அங்கே உண்டு. ஆனால் அவர்கள் எந்த ஊர், யாருடைய மகன் என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. எசமானருடைய நிலக் கணக்கில் ஒரு தலையாக மட்டும் அவர்கள் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

சகோதரிகள் இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கள் பெயரிலேயே நிலம் பெற்று நடத்தினார்கள். மணமான பெண்ணுக்கு அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் தனிச்சொத்தும் இல்லை, நீதிமன்றத்தில் தனிக்குரலும் இல்லை. மார்கரெட்டுக்கு இரண்டும் இருந்ததால் கடன் வசூலிக்கவும், பிறருக்காக வாதாடவும் நூறு தடவைக்கு மேல் நீதிமன்ற ஏட்டில் தென்படுகிறார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் 1645இல் மேரிலாந்துக்கும் பரவியது. ரிச்சர்டு இங்கிள் என்ற கப்பல் தலைவன் குடியேற்றத்தைக் கொள்ளையிட்டான். ஆண்ட்ரூ ஒயிட் அடிகளார் விலங்கிடப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆளுநர் லியனார்டு கால்வெர்ட், வர்ஜீனியாவிலிருந்து கூலிப்படை கொண்டுவந்து நிலைமையை மீட்டார். ஆனால் கூலி கொடுக்கும் முன், 1647 ஜூனில் இறந்துபோனார். தம் உடைமைகளை நிர்வகிக்கும் பொறுப்பை மார்கரெட்டிடம் ஒப்படைத்திருந்தார். தானியம் குறைந்து, சம்பளம் கிடைக்காத வீரர்கள் கலகம் செய்யும் நிலைக்கு வந்தபோது, மார்கரெட் இங்கிலாந்திலிருந்த பால்டிமோர் பிரபுவின் மாடுகளை விற்று அவர்களுக்குக் கூலி கொடுத்தார்.

1648 சனவரி 21இல் அவர் சட்டமன்றத்தின் முன் நின்று இரண்டு வாக்குகள் கேட்டார்: ஒன்று நில உரிமையாளர் என்ற முறையில் தமக்காக, மற்றொன்று பிரபுவின் பிரதிநிதி என்ற முறையில். ஆளுநர் தாமஸ் கிரீன் மறுத்துவிட்டார். மூல ஏட்டில் இந்தச் சம்பவம் 1647 என்றே இருக்கிறது. காரணம் மேலே சொன்ன புத்தாண்டுக் கணக்கு. மாடுகளை விற்றதற்காகப் பிரபு கோபித்தபோது, குடியேற்றம் அந்நேரத்தில் வேறு எந்த ஆணின் கையிலும் இருந்ததைவிட அவருடைய கையில் பத்திரமாக இருந்தது என்று அதே சட்டமன்றம் 1649இல் பிரபுவுக்கு எழுதியது. வாக்குரிமையை மட்டும் அவருக்குக் கொடுக்க அதற்கு மனம் வரவில்லை.

தலைவரின் மகள்

கைல்ஸ் பிரென்டின் கிளையில்தான் இந்த வம்சாவளியின் மிகக் கடினமான பெயர் இருக்கிறது. பிஸ்கட்டவே மக்களின் தலைவரான கிட்டமக்குண்டுக்கு 1640 ஜூலை 5இல் ஆண்ட்ரூ ஒயிட் அடிகளார் ஞானஸ்நானம் கொடுத்தார். அத்தலைவர் தம் இளம் மகளைக் குடியேற்றத்தாரிடம் வளரவிட்டார். மேரி என்று பெயர் பெற்ற அந்தச் சிறுமி மார்கரெட்டின் பராமரிப்பில் வளர்ந்தாள். 1644ஆம் ஆண்டளவில், அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, நாற்பதை நெருங்கிய கைல்ஸ் அவளை மணந்தார். தலைவரின் வாரிசு என்ற முறையில் பிஸ்கட்டவே நிலம் கைக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்ததாகவே அக்காலத்தவர் கருதினார்கள். அந்த மக்களின் வழக்கப்படி தலைமை அப்படி இறங்குவதில்லை.

பிற்காலத்தில் சிலர் இவளைக் காட்டு இளவரசி என்று அலங்கரித்து எழுதியிருக்கிறார்கள். அந்த அலங்காரம் எனக்கு உடன்பாடில்லை. மேரியின் சொந்தக் குரலில் ஒரு வரிகூட எஞ்சவில்லை. அவள் ஒரு குழந்தை என்பதும், தன் மக்களிடமிருந்து பிரிக்கப்பட்டாள் என்பதும்தான் ஏடுகளில் இருப்பது. பிஸ்கட்டவே மக்கள் அழிந்துபோனவர்கள் அல்லர். 2012இல் மேரிலாந்து மாநிலம் அவர்களை முறைப்படி அங்கீகரித்தது.

பிரபுவோடு உறவு கசந்தபின் பிரென்ட் குடும்பம் பொட்டோமாக் ஆற்றைக் கடந்து வர்ஜீனியாவில் குடியேறியது. மார்கரெட் 1663இல் எழுதிய உயில் 1671இல் நீதிமன்றத்தில் உறுதிசெய்யப்பட்டது. அவர் மறைந்த காலத்தை அதிலிருந்தே கணிக்கிறோம். குடும்பம் நிலைத்த அக்வாயா என்ற இடம் ஸ்டாஃபோர்ட் கவுண்டியில் உள்ளது. அந்தக் கவுண்டியின் பழைய ஏடுகளில் பெரும்பகுதி 1861-65 உள்நாட்டுப் போரில் அழிந்துபோனது. எனவே அங்கே கல்லறைக் கற்களும் பிற இடங்களில் பிழைத்த உயில்களுமே வழிகாட்டுகின்றன. வர்ஜீனியாவில் கத்தோலிக்கர் பதவி வகிக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. மேரிலாந்திலும் 1689க்குப் பிறகு நிலைமை தலைகீழானது: 1704இல் செயின்ட் மேரீஸ் நகர ஆலயம் பூட்டப்பட்டது, 1718இல் கத்தோலிக்கரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. பால்டிமோர் பிரபுவின் குடும்பமே 1713இல் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி, 1715இல் மாநிலத்தைத் திரும்பப் பெற்றது. பிரென்ட் குடும்பத்தின் அக்வாயா கிளையோ கத்தோலிக்கமாகவே நின்றது.

அந்தக் கிளையில் இருவர், அமெரிக்காவின் முதல் ஆயர் ஜான் கரோலின் சகோதரிகளை மணந்தார்கள். கரோல் 1774இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பியபின் அக்வாயாவுக்குச் சென்று சகோதரிகளையும் அங்குள்ள கத்தோலிக்கரையும் சந்தித்து வந்தார். அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது 1790 ஆகஸ்டு 15இல், இங்கிலாந்தின் லல்வர்த் மாளிகைச் சிற்றாலயத்தில். அவருடைய சகோதரி ஆனின் மகன் இராபர்ட் பிரென்ட் 1802 முதல் 1812 வரை வாஷிங்டன் நகரின் முதல் மேயராக இருந்தார். வெள்ளை மாளிகைக்கான கற்களும் அக்வாயா ஓடையை அடுத்த, பிரென்ட் குடும்பத்திடமிருந்து 1791இல் வாங்கப்பட்ட தீவிலிருந்து வெட்டப்பட்டவையே.

அந்தக் கல்லை வெட்டியவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். பிரென்ட் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்தது. மேரிலாந்தின் இயேசு சபையினரும் வைத்திருந்தனர். 1838இல் சபையினர் 272 பேரை லூயிசியானாவுக்கு விற்றார்கள். அதற்காகச் சபை 2017இல் அவர்களின் வழிவந்தவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் அடிமைகள் வயது, பால், நிறம் என்ற குறிப்போடு உரிமையாளரின் பெயருக்குக் கீழே எண்ணப்பட்டார்கள். பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டது 1870இல்தான். அதற்கு முன்னால் சுவர்.

கத்தோலிக்க அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு அந்தச் சுவரில் ஒரு சிறு வாசல் உண்டு. அடிமையின் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுத்த குரு, பிள்ளையின் பெயர், தாயின் பெயர், உரிமையாளரின் பெயர், ஞானப்பெற்றோரின் பெயர் என்று எழுதி வைத்தார். குடும்பப் பெயர் பல இடங்களில் இருக்காது. ஆனால் ஞானப்பெற்றோராக நின்றவர்களும் பெரும்பாலும் அடிமைகளே என்பதால், ஒரு பண்ணையில் யார் யாருக்கு உறவு, யார் யாருக்கு நெருக்கம் என்பதை அந்த வரிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் படித்து அறியமுடிகிறது. விற்கப்பட்ட 272 பேரின் வழிவந்தவர்கள் தங்கள் முன்னோரை அடையாளம் கண்டது விற்பனைப் பத்திரம், கப்பல் பட்டியல் ஆகியவற்றோடு இந்த ஞானஸ்நான ஏடுகளையும் வைத்துத்தான். மேரிலாந்து இயேசு சபையினரின் பழைய ஏடுகள் இப்போது வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.