தங்கவயல் இருப்புப்பாதை

கோலார் தங்கவயலுக்குச் செல்லும் இருப்புப்பாதை ஏறத்தாழப் பத்து மைல் நீளமே உடையது. முன்னாளில் பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காரப்பேட்டையில் கிளை பிரிந்து, கோரமண்டல், உரிகம், சாம்பியன் நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். கனத்த இயந்திரங்களையும், கொதிகலன்களுக்கு வேண்டிய எரிபொருளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றி வருவது பெரும்பாடாயிற்று. எடுக்கும் பொன்னில் பங்கு பெற்றுவந்த மைசூர் சமஸ்தானமே முன்வந்து அகலப்பாதை அமைத்தது. 1894இல் ரயில் ஓடத் தொடங்கிற்று. வண்டிகளை நடத்தும் பொறுப்பைச் சென்னை ரயில்வே கம்பெனி ஏற்றது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபின், நிலக்கரியின் தேவை குறைந்தது.

பொன்னுக்காகப் போட்ட பாதைதான். ஆயினும் அதன்வழியே வந்து குடியேறியவர்கள் நம் மக்கள். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து ஜோலார்ப்பேட்டை மார்க்கமாக மூட்டைமுடிச்சுகளுடன் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்கள் உழைப்பால் சுரங்கங்கள் உலகின் மிக ஆழமானவற்றுள் இடம்பெற்றன.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ரயில் மட்டும் நிற்கவில்லை. சுரங்கத்தில் இறங்கியவர்களின் மக்களும் பேரர்களும் வைகறையில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். வேலை போன பின்னும் ஊரை விடாமல் வாழ அவர்களுக்குத் துணை நிற்பது இந்தப் பத்து மைல் பாதையே. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நாம் அதன் அருமையை நன்கு அறிவோம்.