லிஃப்ட் கொடுத்தால் குற்றம்

எங்கள் திருவொற்றியூரில் அண்ணனோ அக்காவோ தம்பியை வளர்ப்பது பெரிய செய்தி இல்லை. தெருவுக்கு ஒரு வீடாவது அப்படி இருக்கும். மூத்தது வேலைக்குப் போகும், சின்னது பள்ளிக்கூடம் போகும். மழை பெய்தால் பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளையோடு அந்தப் பையனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவார். எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு வரும். இதற்கெல்லாம் யாரும் ரசீது போடுவதில்லை.

அந்த பைக் சவாரியே விதிமீறல் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் சொன்னார்கள், 2006-இல்.

ரே ரே மெக்கல்ராத்பே அப்போது தெற்கு கரோலினாவில் உள்ள கிளெம்சன் பல்கலைக்கழக மாணவர். வயது 19. அமெரிக்கன் ஃபுட்பால் (நம்ம ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுவார்களே, அது) ஸ்காலர்ஷிப்பில் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் போதைப் பழக்கம், அப்பாவுக்குச் சூதாட்டம். 11 வயதுத் தம்பி ஃபாமரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையில் தம்பியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பிறகு வகுப்பு, பிறகு பயிற்சி, ராத்திரி தம்பியின் வீட்டுப்பாடம்.

சுற்றி இருந்தவர்கள் உதவத் தயார்தான். ஆனால் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி குறுக்கே வந்தது. கல்லூரி வீரர் அப்போது 'அமெச்சூர்', அதாவது விளையாட்டுக்குப் பணம் வாங்காதவர். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத எந்தச் சலுகையும் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ போகக்கூடாது. பயிற்சியாளரின் மனைவி தம்பியை காரில் கொண்டுவந்து விட்டால் அதுவும் 'சலுகை'. யாராவது பணம் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். செய்தி பரவியதும் 2006 செப்டம்பரில் என்.சி.ஏ.ஏ. விலக்கு கொடுத்தது. காரில் ஏற்றலாம், தம்பிக்காக ஒரு அறக்கட்டளை நிதி திரட்டலாம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு சிறுவனை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கே தனி அனுமதி வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பி.காம் படிக்கிற எனக்கு இதில் கணக்குதான் உறுத்தியது. பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு, டிவி உரிமை விற்கப்படும், டிக்கெட் விற்கப்படும். அப்போது வரவு எல்லாப் பக்கமும் இருந்தது, ஆடுகிறவன் பக்கம் மட்டும் தூய்மை!

இந்தத் தூய்மைக்கும் ஒரு கதை உண்டு. 1955-இல் கொலராடோவின் ஒரு கல்லூரிக்கு ஆடிய ரே டென்னிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டை அவர் மனைவி கேட்டார். அவர் தொழிலாளி இல்லை என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'மாணவ-வீரர்' என்ற சொல்லை அந்தக் காலத்தில்தான் என்.சி.ஏ.ஏ. பிடித்துக்கொண்டது. இப்படி நஷ்டஈடு கேட்பதைத் தடுக்கவே அந்தச் சொல் வந்தது என்று அதன் நிர்வாக இயக்குநராக இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார். வடசென்னையில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். ஒருவனைத் தொழிலாளி இல்லை என்று சொல்லிவிட்டால் செலவு மிச்சம்.

நம் நாட்டிலும் பல வீரர்கள் பெயருக்கு அமெச்சூர்தான். ஆனால் இங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒரு வழி இருந்தது. ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்தால் மாசச் சம்பளம் வரும், வீட்டில் அடுப்பு எரியும். அதற்கும் ஆயிரம் சிபாரிசு வேண்டும் என்பது வேறு விஷயம் :-) ஆனாலும் தம்பிக்குச் சோறு போடுவது குற்றம் என்று எந்த விதியும் சொன்னதில்லை.

ரே ரேவின் கதையை டிஸ்னி 2020-இல் 'சேஃப்டி' என்று படமாக எடுத்தது. நல்ல படம், பாருங்கள். ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சிகள் கொண்டாடின, துணிச்சலுக்கு விருதும் வந்தது. பிறகு முழங்காலில் காயம். 2007 சீசன் முடிந்தபின் கிளெம்சன் அவருடைய ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிக்கவில்லை. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. 1973 முதல் அந்த ஸ்காலர்ஷிப்புகள் ஒரு வருட ஒப்பந்தங்கள்தான், பல வருடங்களுக்குக் கொடுக்கலாம் என்று மாற்றியது 2012-இல்தான். தம்பியை வளர்க்க அண்ணன் எடுத்துக்கொண்ட பொறுப்புக்கு வருடக் கணக்கு கிடையாது. கல்லூரியின் பொறுப்புக்கு இருந்தது.

அவர் கிளெம்சனிலேயே சமூகவியல் பட்டம் வாங்கினார், ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார், பிறகு மார்ஸ் ஹில் கல்லூரியில் ஆடினார்.

2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. இறங்கி வந்தது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றானது. ஒரு கல்லூரிக்கு முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அந்த 11 வயதுப் பையனுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டியிருக்கும்.