அடைக்கலத்திலிருந்து அறுவை அரங்குக்கு: வேலூர்த் தொழுநோய்ப் பணியில் ஒரு திருப்பம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஊரும் உறவும் கைவிட்ட தொழுநோயாளரைத் தேடிச் சென்றவர்களில் கிறிஸ்தவ ஊழியர்கள் முன்வரிசையில் நின்றனர். 1874இல் வெல்லஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோயாளர் மிஷன் இந்தியாவில் பல விடுதிகளுக்குத் துணை நின்றது. தொழுநோயாளியை இயேசு கைநீட்டித் தொட்ட நற்செய்தி நிகழ்ச்சியே இப்பணியாளரின் உந்துவிசை. விடுதிகளில் சோறும் கூரையும் கிடைத்தன. புண்ணுக்குக் கட்டுப் போட ஆளும் இருந்தார்கள். ஆனால் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வறுமையில் அலைந்த நோயாளிகளைப் பிடித்து விடுதிகளில் அடைக்க இடம் கொடுத்தது. அங்கே ஆண்களையும் பெண்களையும் பிரித்தே வைத்தனர். இந்த ஏற்பாட்டில் மிஷன் விடுதிகளுக்கும் பங்குண்டு. அன்பின் பெயரால் நடந்தது என்பதற்காக அந்தப் பிரிவினையின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. நோயாளியைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அவர் மீண்டும் உழைத்துப் பிழைக்க முடியும் என்ற எண்ணம் அரிதாகவே இருந்தது.

அந்த எண்ணம் வேர்பிடித்த இடங்களில் வேலூர் முதன்மையானது. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். 1940களில் அந்நிறுவனத்தை வழிநடத்திய தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன், செங்கல்பட்டை அடுத்த திருமணி விடுதியில் நெடுங்காலம் பணியாற்றியவர். அவரது அழைப்பை ஏற்று 1946இல் வேலூர் வந்தார் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி, எவலின் தம்பதியின் மகனாக 1914இல் பிறந்த இவர், மருத்துவம் படிக்கும் முன்பு தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். இந்தப் பயிற்சி பின்னாளில் அவருக்கு மிகவும் கைகொடுத்தது.

திருமணியைச் சுற்றிப் பார்த்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பற்றினார். அழுத்திப் பிடிக்கச் சொன்னதும் அவருக்கே வலித்தது. அவ்வளவு வலு அந்தக் கையில்! அப்படியானால் கையின் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. முழங்கை, மணிக்கட்டு போன்ற இடங்களில், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையே நோய் தாக்குகிறது. அவை இயக்கும் தசைகள் மட்டுமே செயலிழக்கின்றன. நலமாக உள்ள தசையின் தசைநாணை இடம்மாற்றி விரலோடு இணைத்தால் மடங்கிய விரல் நிமிரும். அறுவைக்குப் பின் அந்தத் தசை புதுவேலையைப் பழகுவதற்கு இயன்முறைப் பயிற்சியும் தேவைப்பட்டது.

அடுத்த கேள்வி, விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்பது. நோயே சதையைத் தின்கிறது என்றுதான் பலரும் நம்பினர். ஒருநாள் பண்டக அறையின் துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. அருகிலிருந்த நோயாளிச் சிறுவன் சாவியை எளிதாகத் திருப்பினான். அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவனுக்கோ எதுவும் தெரியவில்லை. உறக்கத்தில் எலிகள் விரலைக் கடிப்பதும் தெரியவந்தது. காவலுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. சூடான பாத்திரம், கல், முள், பொருந்தாத செருப்பு என்று வலி உணராத கைகால்களை அன்றாட வாழ்க்கையே சிதைத்தது. இரக்கம் என்றால் மனம் கசிவது மட்டும் என்று கருதுவோர் இந்த ஆண்டுகளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடிய இந்தப் பொறுமையைப் பிராண்டின் விசுவாசத்திலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை.

சரிசெய்த கைகளோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. விரல் நிமிர்ந்ததால் பிச்சையும் குறைந்தது என்று சிலர் முறையிட்டனர். அறுவை முடிந்ததும் கடமை முடியவில்லை என்பதை மருத்துவர்கள் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தனர். வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையம் எழுந்தது. பிராண்டின் பழைய தச்சுப் பயிற்சி அங்கே பயன்பட்டது. காயப்படாமல் கருவிகளைக் கையாள நோயாளிகள் பழகினர். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை அமைந்தது.

மேரி வர்கீஸின் வாழ்க்கையில் இத்திருப்பம் இன்னொரு படி மேலே சென்றது. 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இம்மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துறையைக் கட்டியெழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். பரிவு காட்டுபவர் நலமானவர், பெறுபவர் ஊனமுற்றவர் என்ற பழைய எல்லைக்கோடு அங்கே அழிந்தது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயாளரிடம் கற்ற பாதப் பாதுகாப்பு அங்கே நீரிழிவு நோயாளிகளுக்கும் பயன்பட்டது. பாதம் மரத்துப்போன நீரிழிவு நோயாளிகளுக்குத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் இன்று எழுதித் தரும் எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, முன்பு தொழுநோயாளரின் புண்பட்ட கால்களைக் காத்ததுதான்.