டென்மார்க் நலிவு நோயும் கோபால்ட்டும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையிலுள்ள டென்மார்க் என்னும் சிற்றூரைச் சுற்றி, 1920-களில் குழுக் குடியேற்றத் திட்டத்தின்கீழ் பிரிட்டனிலிருந்து வந்த குடும்பங்கள் கர்ரி மரக்காடுகளை வெட்டிப் பால்பண்ணை அமைத்தபோது, புல் செழித்த நிலத்திலேயே மாடுகள் தீனியை வெறுத்து, எலும்பும் தோலுமாகி, இரத்தம் சுண்டி மடியத் தொடங்கின. வேற்று நிலத்துக்கு ஓட்டிச் சென்றால் அதே மாடு தேறிவிட்டதால், குறை மண்ணில்தான் இருந்தது என்பது மட்டும் தெளிவாயிற்று.

நியூசிலாந்தின் வடதீவில், எரிமலைச் சாம்பல் படிந்த மேட்டுநிலத்திலும் இதே நலிவு முன்னரே காணப்பட்டிருந்தது. அந்நாட்டு வேளாண்மைத் துறையின் வேதியியலர் பெர்னார்ட் ஆஸ்டன், கால்நடைகளின் சோகையைக் கண்டு இரும்புச்சத்துக் குறைவே காரணம் எனக் கொண்டு, லிமோனைட் என்னும் பழுப்பு நிற இரும்புத் தாதுவைக் கொடுக்கச் செய்தார். மாடுகள் பிழைத்தன, ஆகவே கொள்கையும் நிலைத்தது. எனினும் ஓரிடத்து லிமோனைட் குணம் தர, வேறோரிடத்து லிமோனைட் பயனற்றுப் போனது ஏன் என்ற வினா எஞ்சி நின்றது.

இந்த முரணை விடாமல் பற்றியவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆய்வாளர்கள் ஃபில்மரும் எரிக் அண்டர்வுட்டும் ஆவர். நலிந்து இறந்த விலங்குகளின் ஈரலிலும் மண்ணீரலிலும் இரும்பு குறையவில்லை, மாறாக மிகுந்தே கிடந்தது என்பதைக் கண்ட அவர்கள், லிமோனைட்டிலிருந்து இரும்பை நீக்கி எஞ்சிய சாற்றைக் கொடுத்துப் பார்த்தபோது, அதுவும் நோயைத் தீர்த்தது. பின்னர் அச்சாற்றின் உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்து, தாதுவில் கலப்படமாக ஒட்டியிருந்த கோபால்ட்டே மருந்து என்று 1935-இல் நிறுவினர். அடிலெய்டில் செம்மறியாடுகளின் கடற்கரை நோய் என்னும் இதே போன்ற நலிவை ஆராய்ந்த மார்ஸ்டனும் லைன்ஸும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே முடிவை எட்டினர். ஆஸ்டனின் மருந்து சரியானது, விளக்கமே தவறானது. அந்த மருந்து இல்லையேல் இந்த ஆய்வுக்குத் தொடக்கப்புள்ளியே இருந்திராது.

கோபால்ட் என்ன செய்கிறது என்பது, 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12-இன் மூலக்கூறில் அவ்வுலோகம் இருப்பது தெரிந்த பிறகே விளங்கியது: அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு அந்த வைட்டமினை ஆக்கிக்கொடுக்கின்றன. உலர்தீனி கிலோவுக்குச் சுமார் 0.1 மில்லிகிராம் கோபால்ட் போதும். சூப்பர் பாஸ்பேட் உரத்துடன் அதைக் கலந்து மேய்ச்சல் நிலத்தில் தூவும் முறை, நலிவு நிலங்களைப் பால்வள நிலங்களாக்கியது. ஆனால் டென்மார்க்கின் குடியேறிகளில் பலர் அதற்கு முன்பே நிலத்தைக் கைவிட்டுப் போயிருந்தனர்.