புல் முடிச்சும் செயற்கைக்கோளும்: ஜவ்வாது மலையில் வழியின் வரலாறு

கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு ஜவ்வாது மலையில் நடக்கிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. திரையில் ஒரு புள்ளி, அதை நோக்கி ஓர் அம்பு, அவ்வளவுதான். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற நகரத்து ஆளுக்கு இது விடுதலை மாதிரித் தெரியும். ஆனால் வழியை யார் சொல்வது, யாருக்காகச் சொல்வது என்கிற கேள்விக்கு இந்த மலைப்பக்கத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது.

மலைபடுகடாமிலிருந்து தொடங்கலாம். செங்கத்து நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிற பாட்டு இது. அதில் வரும் நவிர மலைதான் ஜவ்வாது தொடரை ஒட்டி நிற்கும் இன்றைய பர்வதமலை என்பார்கள். நம்ம தமிழ் வகுப்பறைகள் இந்தப் பாட்டை வள்ளலின் புகழாக வாசித்தே பழகிவிட்டன. காட்டில் நடக்கிறவனின் கையேடாக வாசித்துப் பார்க்கலாம். பன்றிக்குப் பொறி வைத்த இடம், பாம்பு கிடக்கும் இடம், கவண்கல் பறந்து வரும் புனம், கால் வழுக்கும் இடம் எல்லாம் அதில் வருகின்றன. வழி தப்பினால் அகன்ற பாறையில் கூடி நின்று வாத்தியம் வாசியுங்கள், சத்தம் கேட்டுக் கானவர் ஓடி வருவார்கள் என்கிறது பாட்டு. பாதை பிரிகிற இடத்தில் புல்லை முடிந்து வைக்கவும் சொல்கிறது. புதிதாகப் பின்னால் வருகிறவருக்கு அதுதான் அடையாளம்.

ஜி.பி.எஸ்.காரர்கள் 'வே பாயிண்ட்' என்பது ஏறக்குறைய இதுதான். புல் முடிச்சு முகம் தெரியாத ஒருவருக்காகப் பொதுவில் கிடக்கிறது. வே பாயிண்டோ பெரும்பாலும் கருவிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அடுத்த கட்டம் காலனியம். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பிற்பாடு இந்தியா முழுக்கப் பரவிய முக்கோண அளவையின் முதல் கோடு அது. மலையுச்சி இப்போது கோணம் எடுக்கும் நிலையமாகிறது. வழி போய்ப் புள்ளி வருகிறது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபின் கோட்டுக்கு உள்ளே இருப்பது ரிசர்வ் காடு என்றானது. விறகுக்கும் தேனுக்கும் நடந்த தடம் அத்துமீறலானது. இம்மலையின் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) தங்கள் காட்டிலேயே அனுமதி கேட்கிறவர்களானார்கள்.

காடு தெரிந்த கால்களுக்கு அரசு என்ன பெயர் வைத்தது என்பதற்கு 2015 ஏப்ரல் 7ஐ நினைத்துக்கொள்ளலாம். சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரக் கடத்தல்காரர்களோடு மோதல் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அதே மாதிரிக் காட்டில் கருவியோடு நடந்தால் அதற்குப் பெயர் சாகசம்.

இந்தக் கருவியும் ராணுவத்தின் பிள்ளைதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000 மே மாதம் அதை நிறுத்தும்வரை பிழை நூறு மீட்டர் வரை போகும். இன்று திறந்த வெளியில் சில மீட்டர்தான். ஆனால் நிலையை முழுதாகக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். அடர்ந்த மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் சமிக்ஞை மறைபடும், பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள் எவரெஸ்ட் பெயரிலான பூமி வடிவக் கணக்கில் வரையப்பட்டவை. கருவியின் கணக்கு வேறு. இரண்டையும் அப்படியே பொருத்தினால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் கருவியின் கணக்குக்கு ஒத்த வரைபடங்கள் பொதுமக்களுக்கென்று வந்தன.

இந்தப் பிழை மலையேறுகிறவருக்குக் கொஞ்சம் சுற்றி நடக்கிற சங்கடம். உழுகிறவருக்கு நிலம். 2006 வன உரிமைச் சட்டப்படி நிலத்தை அளக்கும்போது வருவதும் இதே கருவிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 63.6 மீட்டர். அளக்கிறவர் வேலிக்கு ஐந்து மீட்டர் உள்ளே தள்ளிச் சுற்றி வந்தால் மிஞ்சுவது சுமார் 71 சென்ட். செயற்கைக்கோள் துல்லியமாகவே இருந்தாலும் 29 சென்ட் போச்சு. கருவியைப் பிடித்து நடந்த கால் யாருடையது என்பதுதான் இங்கே அரசியல்.

சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. உரிமைக் கோரிக்கையை முதலில் விசாரிப்பது கிராம சபையும் அதன் வன உரிமைக் குழுவும். பெரியவர்களின் வாக்குமூலம், கிணறு, வரப்பு, இடுகாடு, சாமி இருக்கிற இடம் எல்லாமே சாட்சியம். செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பமும் இவற்றுக்குத் துணையாகலாம், இவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது என்று 2012இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. வழி கேட்கிற மரபுக்குச் சட்டம் தந்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

ஆகவே தோழர்களே, கருவி வேண்டாம் என்பது என் வாதமல்ல. அதை இயக்கக் கற்பது பெரிய வித்தையும் அல்ல. நிலத்தை உழுகிறவரே கருவியைக் கையில் பிடித்துத் தன் வரப்பின் மேலேயே சுற்றி வரட்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நடக்கட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தக் கல்லின் பெயர், அந்த மரத்தின் பெயர் எழுதப்படட்டும். பதிவின் நகல் கிராம சபையில் இருக்கட்டும், பின்னால் வருகிறவருக்கான புல் முடிச்சாக.